நான்காம் கணினியில் நின்ற ரயில்

மே 6. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். தையல்காரர் தன் மாதிரி ரயில் பாதைப் படத்தை அசல் அளவில் அச்சிட்டுத் தரச் சொன்னார். நிலையத்தின் நேர்ப்பாதை 1200 மில்லிமீட்டர், வளைவின் ஆரம் 500. அச்சிடும்போது திரையில் வரும் பெட்டியில் ‘தாளுக்குள் அடக்கு’ என்ற இடத்தில் இருந்த குறியை எடுக்க மறந்துவிட்டேன். ஐம்பத்து நான்கு தாளும் மூன்று சதவீதம் சிறுத்து வந்தன. “விடு டைரி, துணி வெட்ட மாதிரித் தாளுக்கு ஆகும்” என்று சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். இனி இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் அச்சிட வேண்டும்.

இதை எழுதியவளை வகுப்பில் எல்லாரும் டைரி என்றே கூப்பிட்டார்கள். பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் யாரோ சொன்ன அளவுக்குக் கண்ணாடி தேய்ப்பாள். மாலை ஆறு மணிக்கு இரண்டாம் மாடி ஏறி, மாதிரி ரயிலுக்குப் பாதை வரையும் மென்பொருளைக் கற்றுக்கொள்வாள். நாளில் அந்த இரண்டு மணி நேரம்தான் அவளுடைய சொந்த அளவு.

வகுப்பறைக்கு இரண்டு சாவி. ஒன்று அவளிடம். இன்னொன்று, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்த, அவளோடு படித்த தையல்காரரிடம். மே 11 அன்று அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் வரைந்த பாதையையே வகுப்பின் பெரிய மேஜையில் கட்டுவது என்று டீச்சர் முடிவு செய்தார். பலகை வெட்டத் தச்சர் வரும் நாள், ஜூன் 21.

ஜூன் 16, திங்கள், மாலை 6.05. தையல்காரர் உட்கார்ந்துவந்த நான்காம் கணினியில் டீச்சர் படத்தைத் திறந்தார். திரை வெள்ளையாக இருந்தது. ஒரு கோடு இல்லை.

“கடைசியா இதுல உக்காந்தது யாரு?”

“வெள்ளிக்கிழமை நான்தான் டீச்சர். பாத்துட்டு மூடிட்டேன்.”

“எதையாவது அழிச்சியா?”

“இல்ல. இல்லன்னுதான் நெனக்கிறேன்.”

“நெனக்கிறியா, தெரியுமா?”

கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் டைரி. தன் கைமேலேயே நம்பிக்கை இல்லாதவள் எதை அடித்துச் சொல்வாள்?

கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரத்தை டீச்சர் படித்தார். அன்றைக்கே, திங்கள் மதியம் 1.12.

“ஒரு மணிக்கு எங்க இருந்த?”

“அது சாப்பாட்டு நேரம். கடைக்குப் பின்னாடி தனியாத்தான் சாப்பிட்டேன்.”

“கடை ரெண்டு தெரு தள்ளித்தானே?” என்றார் கடிகாரம் பழுது பார்ப்பவர். தையல்காரரோடு ஒவ்வொரு வளைவுக்கும் சண்டை போட்டவர் அவர்.

“இன்னொரு சாவி இருந்துச்சே...” என்றாள் டைரி.

“அது அவரோட போச்சு” என்றார் டீச்சர். “நகல் எடுத்து வைங்கன்னு அவர்கிட்ட தலையால அடிச்சுக்கிட்டேன். வெட்டின துணிக்கு ஏது டீச்சர் நகல்னு சிரிச்சாரு.”

ஜூன் 17, மாலை 6.02. வெள்ளைத் திரையில் ஒரு வளைவு இருந்தது.

சேமித்த நேரம் மதியம் 1.40. சேமித்தவர் பெயர் இருக்கும் இடத்தில் தையல்காரரின் பெயர். கணினி மவுஸின் முதுகில் நீல நிறத்தில் ஏதோ பொடி. டைரி விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டி.

“செத்தவர் சாவிய எடுத்துக்கிட்டுல்ல போயிருக்காரு” என்றார் கடிகாரக்காரர். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் இரண்டு வளைவும் ஒரு நேர்ப்பாதையும் சேர்ந்திருந்தன. அதன் பிறகு அவரும் கேலியை விட்டார். அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காரவும் யாருக்கும் மனம் வரவில்லை.

ஜூன் 19, மாலை 6.10. படம் முழுதாக வளர்ந்திருந்தது. டீச்சர் சோதனை வண்டியை ஓட விட்டார். திரையில் சின்ன ரயில் வளைவைச் சுற்றி வந்தது. நிலையத்துக்கு முன்னால், பாதை பிரியும் பாயிண்டில், சிவப்புக் குறி காட்டி நின்றது. மறுபடி விட்டார். அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறையும் அங்கேதான்.

“போனவருக்கு அளவு மறந்துபோச்சா?” என்றார் கடிகாரக்காரர், குரலே இல்லாமல்.

டீச்சர் வண்டியை நிறுத்தினார். “பேயாவது பிசாசாவது. செஞ்ச தப்ப மறைக்க யாரோ ஆடுற ஆட்டம் இது. டைரி, நாளைக்கு ஆறு மணிக்குள்ள உண்மையச் சொல்லு. இல்லன்னா சாவிய வெச்சிட்டுப் போயிடு. வகுப்புக்கும் வர வேண்டாம்.”

எல்லாரும் போன பின் டைரி நான்காம் கணினியின் முன் உட்கார்ந்தாள். தூக்கத்தில் நடந்து வந்து நானே வரைகிறேனோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்போதுதான் கவனித்தாள். அவள் கால்கள் தரையைத் தொடவில்லை; காற்றில் தொங்கின.

தையல்காரர் நெடுநெடுவென்று இருப்பார். முழங்கால் மேஜையில் இடிக்கிறதென்று நாற்காலியை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருப்பார். இதுவோ உச்சிக்கு ஏற்றப்பட்டிருந்தது. ஆவி குள்ளமாகிவிடுமா என்ன?

அந்தக் கணினியில் யார் சேமித்தாலும் அவர் பெயர்தான் விழும் என்பதும் நினைவுக்கு வந்தது. கடையில் செய்வதைப் போல ஒவ்வொன்றாக அளந்தாள். நிலையத்தின் நேர்ப்பாதை: 1164. வளைவின் ஆரம்: 485. பாயிண்டு மட்டும் சரியான 200. அது மென்பொருள் தருகிற ஆயத்தத் துண்டு, யாராலும் சுருக்க முடியாது. சுருங்கிய பாதையும் சுருங்காத பாயிண்டும் ஆறு மில்லிமீட்டர் ஒட்டாமல் இருந்தன. வண்டி நின்றது அதனால்தான்.

மறந்துபோனவர் வரைந்தால் அளவு கன்னாபின்னாவென்று தப்பும். இது ஒரே விகிதத்தில் தப்பியிருந்தது. டைரி தன் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். மே 6-இல் விரல் நின்றது.

ஜூன் 20, மதியம் 1.10. அவள் மாடி ஏறியபோது கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உயர்ந்த நாற்காலியில், கால் தொங்க, கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருந்தார் தையல்காரரின் மனைவி. இப்போது கடையை நடத்துவது அவர்தான். தரையில் ஐம்பத்து நான்கு தாளும் ஒட்டி விரிக்கப்பட்டிருந்தன. திரையில் ரயில் நின்றுகொண்டிருந்தது.

அவர் திடுக்கிடவில்லை. “எப்படிம்மா கண்டுபிடிச்ச?”

“அந்தத் தாள் மூணு சதவீதம் சின்னதுக்கா. நான் பண்ணின தப்பு. அதே மூணு சதவீதம் இந்தப் படத்துலயும் கொறஞ்சிருக்கு. அப்ப இத வரஞ்சவங்க அந்தத் தாள அளந்துதான் வரஞ்சிருக்கணும். தாள் உங்க வீட்ல மட்டும்தான் இருந்துச்சு. இன்னொரு சாவியும் அங்கதான் இருக்கணும்.”

“நாடாவ வெச்சு மூணு மூணு தரம் அளந்தேனே! தாளே பொய்யா?” என்றார் அவர். பிறகு மெல்லச் சொன்னார்: “பொழுதன்னிக்கும் இதப் பத்தியே பேசுவாரு. சாப்பிடும்போது தட்டு ஓரத்துல விரலால தட்டித் தட்டி, இங்க அமுக்கினா வளைவு, அங்க அமுக்கினா நேர்ப்பாதைன்னு காட்டுவாரு. ஒருதரம் கண்ணால பாக்கலாம்னு திங்கக்கிழமை வந்தேன். எதையோ தொட்டேன், எல்லாம் நீலமாச்சு. இன்னொண்ணத் தொட்டேன், காணாமப் போச்சு. மூடப் போனா, சேமிக்கவான்னு கேட்டுச்சு. நல்லதுக்குத்தானே கேக்குதுன்னு ஆமான்னுட்டேன்.”

டைரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின.

“ஒருதரம் போன மனுஷன நான் இன்னொரு தரம் அனுப்பி வெச்சிட்டேன். அதான் யாருக்கும் தெரியாம திருப்பி வெச்சிடலாம்னு வந்தேன். பழி உன் மேல விழுந்துச்சா?”

“கொஞ்சம்.”

“என்ன கொஞ்சம்? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே.”

“நேத்தே வரஞ்சு முடிச்சிட்டீங்களேக்கா. இன்னிக்கு ஏன் வந்தீங்க?”

அவர் வண்டியை மறுபடி ஓட விட்டார். அது சுற்றி வந்து அதே இடத்தில் நின்றது. “பாரு. எத்தன தரம் விட்டாலும் அங்கதான். நான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்னு தெரியும். இருந்தாலும், ஒவ்வொரு தரமும் யாரோ அங்க எறங்கிப் போற மாதிரியே இருக்கும்மா.”

ஆளில்லாத அறையில் இருவரும் அந்தச் சிவப்புக் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலை 6.00. தையல்காரரின் மனைவி தானே மாடி ஏறி வந்து, தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னார். தாளின் கதையை டைரி சொன்னாள், தன் தவறை முதலில் வைத்து. டீச்சர் டைரியைப் பார்த்து, “உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்றார். தையல்காரரின் மனைவி நீட்டிய சாவியை வாங்காமல், “நீங்களே வெச்சுக்குங்க. நாலாம் கணினி காலியாத்தான் இருக்கு” என்றார்.

“அந்த நாற்காலிய இனிமே யாரும் எறக்காதீங்கப்பா” என்றார் கடிகாரக்காரர், தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

ஜூன் 20. நாளை பத்து மணிக்குத் தச்சர் வருகிறார். அதற்கு முன், பாயிண்டைத் தொடாமல் நேர்ப்பாதையை 1200 ஆகவும் வளைவை 500 ஆகவும் திருத்த வேண்டும். நகல் எடுத்து வைக்க வேண்டும். ‘தாளுக்குள் அடக்கு’ குறியை எடுத்துவிட்டு அச்சிட வேண்டும். திருத்தினால் வண்டி வழியில் நிற்காது. ஆகையால் அது நின்ற இடத்தில், வண்டி நின்று போக ஒரு சின்ன நடைமேடை வரைய வேண்டும். நீளத்தை அக்கா நாடாவால் அளந்து சொல்வார்.