இன்னும் ரெண்டு படி

புத்தலப்பட்டில் திருப்பதி பஸ் ஏறியபோது யாமினிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இடம் காலி. அவ்வளவு கூட்டத்திலும் அது காலியாகவே வந்தது. உட்காரப் போன ஓர் அம்மாள் சீட்டைத் தடவிப் பார்த்து, ஈரமாக இருக்கிறதே என்று முகம் சுளித்து நகர்ந்துவிட்டார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. யாமினி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். உள்ளே ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர் இருந்தது. அந்தக் கிணற்றில்தான் போன சனிக்கிழமை பிரித்திகா செத்துப்போனாள்.

பிரித்திகா யாரோ எவரோ இல்லை. ஒரே தெரு, ஒரே ஸ்கூல், இப்போது திருப்பதியில் ஒரே காலேஜில் பி.எஸ்ஸி. முதல் வருஷம், ஹாஸ்டலில் ஒரே ரூம். முதல் நாள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள், புதுசாக ஒரு பிராணியைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கூவி, கறுப்புக் கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்த அதன் கால்களை ரெக்கார்டில் அழகாக வரைந்தும்விட்டாள். பாலசுந்தரம் சார் வந்து பார்த்துவிட்டு, அது உன் கண்ணிமை மயிர்தான் தாயி என்றார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. புதுசாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான், ஆனால் அவர்கள் யாரும் அதை வரைந்து கையெழுத்துக்கு நீட்டுவதில்லை. அன்றிலிருந்து அவளுக்கு இமைப்பூச்சி என்று பெயர். அப்படிக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே திரும்புவாள், அவள் சுபாவம் அப்படி.

உயிரினங்களில் எத்தனை வகை என்பதுதான் அவர்களுக்கு முதல் பாடம். புத்தகத்தைத் தின்று பரீட்சையில் கக்க வேண்டாம், ஊருக்குப் போகிறவர்கள் அவரவர் ஊர்த் தண்ணீரைக் கொண்டுவாருங்கள், ஒரு சொட்டுக்குள் ஓர் ஊரே குடியிருக்கும் என்று சார் சொல்லியிருந்தார். வால்வாக்ஸ் என்று ஒன்று உண்டாம். ஊசிமுனை அளவில் பச்சை உருண்டை. வயிற்றுக்குள் குட்டி உருண்டைகளைச் சுமந்தபடி தண்ணீரில் உருண்டுகொண்டே இருக்கும். நாள் வந்ததும் தாய் உடைந்து செத்துப்போக, குட்டிகள் வெளியே வரும். அதைக் கொண்டுவருகிறவர் பெயர் போர்டில் ஏறும் என்றார். யாமினிக்கு அந்த ஆசை பேயாகப் பிடித்துக்கொண்டது.

மாந்தோப்புக் கிணற்றில் பிரித்திகாதான் இறங்கினாள். யாமினிக்குக் கிணறு என்றாலே தலை சுற்றும். மேலே நின்றபடி, அவள் நீட்டிய முதல் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். ஒரே கசடு.

"இது வாணாண்டி. இன்னும் ரெண்டு படி எறங்கு. தெளிஞ்சதா மொண்டு குடு."

அவள் இறங்கினாள். பாசி மண்டிய படி. வேறொரு பாட்டிலில் மொண்டு, மூடியைத் திருகி, இந்தா பிடி என்று சிரித்துக்கொண்டே மேலே வீசினாள். வீசிய வேகத்தில் கால் வழுக்கியது.

யாமினியின் இரண்டு கைகளும் பாட்டிலைத்தான் பிடித்தன.

தண்ணீருக்கு மேலே ஒரு கை வந்தது. மறுபடியும் வந்தது. யாமினி என்று ஒரே ஒரு சத்தம். நீச்சல் தெரியாத யாமினி குதித்திருக்க வேண்டாம், கத்தியாவது இருக்கலாம். நாலு வயல் தள்ளித் தக்காளி பறித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குக் கேட்டிருக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் அடங்கியதும் தோப்புக்குள் புகுந்து வீட்டுக்கு ஓடினாள். பாட்டிலோடு ஓடினாள், அந்தப் பாவத்தைத்தான் அவளாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சாயந்திரம் பிணம் மிதந்தது. அன்று காலையில்தான் பிரித்திகாவின் அம்மா சுலோசனா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் போனை நோண்டுகிறாயா, நீ படித்துக் கிழித்தது போதும் என்று தெருவே கேட்க மகளைத் திட்டியிருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? திட்டு தாங்காமல் பெண் கிணற்றில் விழுந்துவிட்டாள் என்று முடித்துவிட்டார்கள். புருஷன்காரன் அடக்கம் முடிந்த கையோடு, பெற்ற வாயாலேயே கொன்றுவிட்டாய் என்று சொல்லிவிட்டு பாகாலாவில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டான். யாமினி கூட்டத்தோடு நின்று அழுதாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

காலேஜில் லேப் மாடியில், கட்டடத்தின் கோடியில் இருந்தது. ஃபார்மலின் நெடி படிக்கட்டிலேயே மூக்கைப் பிடுங்கும். யாமினி பாட்டிலோடு வந்த அன்று அந்த நெடிக்கு அடியில் வேறொரு வாசமும் இருந்தது. ஈரக் கல், பாசி. யாமினி வைத்த சொட்டைச் சார் குனிந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போர்டில் அவள் பெயரைப் பெரிதாக எழுதி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். பிரித்திகா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள் என்று அவர் வேறு சொல்ல, யாமினிக்கு நின்ற இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அப்புறம் அவள் குனிந்து பார்த்தாள். உருண்டைகள் இல்லை. வட்டமான வெளிச்சத்தின் ஓரத்தில், கறுப்பாக, வளைந்து, வரிசையாக முடிகள் தெரிந்தன.

தன் இமைதான் என்று நினைத்தாள். தலையைக் கொஞ்சம் தூக்கினாள்.

அப்போதும் இருந்தன.

அடுத்த வாரம் கங்காதர நெல்லூர் ஹரிதா ஏரித் தண்ணீர் கொண்டுவந்தாள். செருப்பின் அடி மாதிரி ஒன்று ஓடுகிறது, மணி மாதிரி ஒன்று ஆடுகிறது என்று அவள் சொல்லிச் சொல்லி வரைந்தாள். யாமினி பார்த்தால் இமை. மீன்தொட்டித் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர், குழாய்த் தண்ணீர், எதை வைத்தாலும் இமை. எல்லோருடைய தாளிலும் விதவிதமான உயிர்கள் ஊர்ந்தன, அவள் தாள் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. கடைசியில் சார் பரிதாபப்பட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு வைத்துக் கொடுத்தார். இதில் உயிர் என்று எதுவும் இருக்காது, வெறும் வெளிச்சம்தான் தெரியும், முதலில் அதைப் பார்த்துக் கண்ணைப் பழக்கு என்றார்.

வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. யாமினி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியில் ஆவி படிந்தது. சுடிதார் துப்பட்டாவால் துடைத்தாள். போகவில்லை.

ஆவி உள்பக்கம் படிந்திருந்தது.

உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள்.

மங்கல் மெல்ல விலகியது. இமைகள். அவள் கண்ணை இறுக்க மூடி, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தாள். அவை அசையாமல் அவளுக்காகக் காத்திருந்தன.

பிறகு ஒரு தரம் மூடித் திறந்தன.

ஸ்டூல் சாய்ந்து விழுந்த சத்தத்தில் வகுப்பே திரும்பியது. தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவளுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. சுலோசனா வாயில் பச்சைத் தண்ணீர்கூட ஊற்றிக்கொள்வதில்லையாம். "எம் பொண்ணு போன கெணத்துலயே நானும் போறன்னு சொல்லிக்கினே கீது. இன்னிக்கோ நாளைக்கோ தெரியல" என்றாள் அம்மா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம், இன்னொரு பிணத்தையும் எப்படி மறைப்பது? யாமினி அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

சுலோசனாவின் வீட்டில் மாடு மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தது. பால் கேன் கவிழ்ந்து கிடந்தது. நடுக்கூடத்தில் சுவரோடு சுவராக அவள் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளில் பாதியாகிவிட்டிருந்தாள். யாமினியைப் பார்த்ததும் கண்கள் மட்டும் அசைந்தன.

"அத்தை, அவ குதிக்கல. நீ திட்டுனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் கூடவே இருந்தேன். லேபுக்குத் தண்ணி மொள்ளப் போயி வழுக்கி உழுந்துட்டா. நான் பயந்துக்கினு ஓடிட்டேன்."

சுலோசனா சுவரை விட்டு நிமிர்ந்தாள். மகள் வலியில் கத்தினாளா என்று கேட்பாள், ஏன் கத்தவில்லை பாவி என்று அடிப்பாள் என்றெல்லாம் யாமினி எதிர்பார்த்திருந்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள். அவள் கேட்டது வேறு.

"எதுக்குடி அவ்ளோ கீழ எறங்குனா? அவளுக்குத் தெரியுமே, அங்க பாசின்னு."

இன்னும் ரெண்டு படி எறங்கச் சொன்னது யாமினிதான். அந்த ஒரு வாக்கியம்தான் பாக்கி. கூடத்தில் ஈரக் கல்லின் வாசம் ஏறியது.

"நான் வாணாம்னுதான் சொன்னேன் அத்தை. அவளேதான் எறங்குனா."

சுலோசனா உடைந்து அழுதாள். எத்தனையோ நாள் கல்லாக இருந்தவள், என் வாய் கொல்லலடி, என் வாய் கொல்லலடி என்று அரற்றினாள். அழுது ஓய்ந்ததும் நகர்ந்து வந்து, யாமினியின் முகத்தைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள்.

"நீ வந்து சொன்னியே கண்ணு, அது போதும். வாணாம்னு தடுத்தவ நீ. நீ நல்லா இருக்கணும்."

அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் யாமினியின் கன்னங்களில்தான் இருந்தன. வீட்டில் வேறு யாரும் இல்லை.

யாமினியின் முதுகில் ஒரு கை பதிந்தது.

ஈரமான கை. சுடிதார் நனைந்து, தண்ணீர் முதுகுத்தண்டு வழியாக இடுப்புக்கு இறங்கியது. அது அடிக்கவில்லை, நகத்தால் கீறவில்லை. பதில் தெரிந்தும் வகுப்பில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிற தோழியை உசுப்புகிற மாதிரி, மெல்லத் தள்ளியது. நின்றது. மறுபடியும் தள்ளியது.

யாமினி வாயைத் திறக்கவில்லை.

கையும் விலகவில்லை.