விளம்பரம் வரட்டும்

விளம்பரம் வெட்டப்பட்ட இடத்தில் ஓர் இருமல் கேட்டது.

பெரிய இருமல் இல்லை. பக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு இருமுவார்களே, அந்த மாதிரி. நாடகத்தில் மாமியார்க்காரி மாடிப்படியில் நின்று சாபம் விட்டு முடித்தாள். படம் ஒரு துளி துள்ளியது. அடுத்ததாக மருமகள் கதவை அறைந்து சாத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மயிரிழைகூட நுழைய இடம் கிடையாது. அது பார்த்துக்கொண்டிருந்த அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வெட்டு அவள் கையாலேயே வெட்டியது.

அவளுக்குத் தொழில் திரைச்சீலை தைப்பது. கடைக்காரர்கள் துணியைக் கொண்டுவந்து போடுவார்கள், காலையெல்லாம் வீட்டிலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுப்பாள். பொழுது சாய்ந்தால் நாடகம். ஊரில் எத்தனையோ பேர் நாடகம் பார்க்கிறார்கள். இவள் பார்ப்பதோடு விடமாட்டாள், டிவிடி ரெக்கார்டரில் பிடித்தும் வைப்பாள். சும்மா பிடித்தால் போதாது, விளம்பரம் ஒன்றுகூட இல்லாமல் சுத்தமாகப் பிடிக்க வேண்டும். விளம்பரம் தலைகாட்டியதும் ரிமோட்டில் ஒரு அழுத்து, பதிவு நிற்கும். நாடகம் திரும்பியதும் அதே பொத்தானில் இன்னொரு அழுத்து, பதிவு ஓடும். பெட்டியின் முகத்தில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. நிலையாக எரிந்தால் பதிகிறது என்று பொருள், கண் சிமிட்டினால் காத்திருக்கிறது. கட்டைவிரல் பொத்தானில், கண் அந்த விளக்கில், மூச்சு பாதி உள்ளே பாதி வெளியே. “நாடகத்துக்குப் பேன் பார்க்கிறா” என்று புருஷன் கேலி செய்வான்.

பிடித்து முடித்ததும் டிவிடி தட்டைப் பூட்டிவிடுவாள். அந்தப் பெட்டியில் அப்படி ஒரு வசதி. பூட்டிவிட்டால் அந்தத் தட்டு எந்த வீட்டுப் பெட்டியிலும் ஓடும். ஆனால் அதற்குப் பிறகு அதில் ஒரு நொடியைச் சேர்க்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது.

இந்தத் தட்டையும் அன்றைக்கே பூட்டிவிட்டாள். நாத்தனார் செத்துப்போன அன்றைக்கு.

அவள் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. சன்னல் தகட்டில் துளிகள் தட்டும் ஓசை, எங்கோ ஒரு குழாய் நிரம்பி வழியும் ஓசை, ரெக்கார்டருக்குள் தட்டு சுழலும் மெல்லிய முனகல், இவற்றையெல்லாம் தாண்டி, முதுகுக்குப் பின்னால், யாரும் இல்லாத அந்த அறை வாசலில் பழுப்புத் திரை ஈரக்காற்றுக்கு உப்பிச் சுருங்குவதுகூட அவள் காதில் விழுந்தது. நாத்தனாருக்காக மிச்சத் துணியில் அவளே தைத்த திரை அது.

இந்த நேரத்தில் இந்தத் தட்டைப் போடவேண்டிய தேவை அவளுக்கு இல்லை. காலையில் வேனை எடுப்பதற்கு முன் புருஷன் கேட்டதுதான் காரணம். பள்ளிக்கூடத்து வேன் ஓட்டுகிறவன் அவன்.

“அக்கா போன அன்னிக்குப் புடிச்ச நாடகம் தட்டுல இருக்குமில்ல?”

“அது எதுக்குங்க இப்ப?”

“படுத்த படுக்கையா இருந்தாலும் உள்ளேருந்து அது கேட்டுக்கிட்டேதான இருக்கும்? கடைசியா அது காதுல என்ன விழுந்துச்சுன்னு எனக்கும் ஒரு தடவை கேக்கணும். சாயங்காலம் வந்ததும் போடு, சேர்ந்து உக்காந்து பாப்போம்.”

“நல்லா இருக்குது உங்க ஆசை.”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டே, தினமும் கேட்பதைக் கேட்டான். “தூக்கத்துலதான போச்சு? கஷ்டப்படலையே?”

“இல்லைங்க. தூங்குற புள்ள மாதிரி.”

தாயில்லாப் பிள்ளையைத் தூக்கி வளர்த்த அக்கா அவள். அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவன் சோறு தின்கிறான், வேனை ஓட்டுகிறான். இவளும் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொய்யும் தையல் மாதிரிதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் உறுதிப்பட்டுவிடும். பிரிந்தால் மட்டும் அவன் இவள் முகத்தில் விழிக்கமாட்டான்.

அதனால்தான் அவன் வருவதற்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தாள்.

அந்தப் பெட்டியே நாத்தனார் வாங்கிக் கொடுத்ததுதான். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். “என் சர்வீஸ்ல மூணாவது மணி அடிக்க விட்டதே இல்ல கண்ணு, ரெண்டுக்குள்ள எடுத்துடுவேன்” என்று பெருமை பேசுவாள். இடுப்பு விழுந்து படுக்கையானபின் அவள் கூப்பிடுகிறவளாக மாறிப்போனாள். தண்ணீருக்கு ஒரு தரம், புரண்டு படுக்க ஒரு தரம். ஒரு நாள் தம்பியை ஏவிவிட்டுத் தன் பணத்தில் இந்தப் பெட்டியை வாங்கிவரச் செய்தாள்.

“என்ன அண்ணி இது, எனக்கு எதுக்கு?”

“நான் கூப்பிடறப்பல்லாம் உனக்கு நாடகம் போயிடுதில்ல? இதுல புடிச்சு வெச்சிக்க. நிம்மதியா என்கிட்ட வந்துட்டுப் போய் அப்புறமாப் பாரு. அந்த அழுமூஞ்சி எங்க ஓடிடப்போறா, நாளைக்கும் அழுதுக்கிட்டுதான் இருப்பா.”

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். கூப்பிட்டால் எழுந்து போகட்டும் என்று கொடுத்த பெட்டி. அது வந்தபிறகு இவள் எழுந்திருப்பதே குறைந்துபோயிற்று. விளம்பரத்தை வெட்ட வேண்டுமே.

இரண்டாவது வெட்டு வந்தது. படம் துள்ளியது, இருண்டது. இருட்டு கொஞ்சம் தெளிந்தபோது ஒரு கூரை தெரிந்தது. அதன்மேல் தொலைக்காட்சியின் நீல ஒளி நடுங்கிக்கொண்டிருந்தது, அடுத்த அறையிலிருந்து வரும் ஒளி. ஓரத்தில் ஒரு அலமாரியின் தலை, அதன்மேல் தைலக் குப்பி. எல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தன. ஒருக்களித்துப் படுத்தவர்களுக்கு உலகம் எப்படித் தெரியுமோ, அப்படி.

பிறகு மருமகள் அழுதுகொண்டே ஓடினாள். நாடகம் தன் பாட்டுக்குப் போயிற்று.

அவள் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று தோன்றியது, விரல் கேட்கவில்லை. பெட்டியின் பக்கத் துளைகளிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்தது. அதில் தைல வாசம் இருந்தது.

மூன்றாவது வெட்டு. சாய்ந்த கதவு, பழுப்புத் திரை, திரைக்கு அடியில் நீல வெளிச்சம். அருகில், மிக அருகில், குப்பியில் நீர் கொப்பளிப்பதுபோல் மூச்சு.

“கண்ணு.”

கொஞ்ச நேரம் மூச்சு.

“கண்ணு… மாருல என்னமோ…”

திரைக்கு அப்பாலிருந்து, தொலைவாக, எரிச்சலாக, ஒரு பெண்குரல் வந்தது.

“வர்றேன் அண்ணி, விளம்பரம் வரட்டும்.”

தன் குரலை வெளியிலிருந்து கேட்கும்போது யாருக்குமே அது அந்நியமாகத்தான் இருக்கும். இவளுக்கு அந்நியமாக இல்லை.

‘அந்தத் தரம் போகத்தான் இல்லை’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ‘லேட்டாகிவிட்டது. போனபோது முடிந்துபோயிருந்தது. யாருக்கும் நடக்கிறதுதான்.’ தனக்குத்தானே இப்படித்தான் சொல்லிவைத்திருந்தாள். அதுவும் தைத்த பொய்தான். உள்மடிப்பில், யார் கண்ணுக்கும் படாத பக்கத்தில் தைத்தது.

நாலாவது வெட்டு அதைப் பிரித்தது.

திரை வளையங்கள் கிலுங்கின. பழுப்புத் துணி விலகியது. வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம், கையில் ரிமோட், கட்டைவிரல் பொத்தானின் மேல். படுக்கையிலிருந்து ஒரு கை மெல்ல எழுந்து அவளை நோக்கி நீண்டது. வாசலில் நின்றவள் அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். ஒரு அடி எடுத்து உள்ளே வைத்தாள்.

கூடத்தில் நாடகத்தின் இசை திரும்பவும் தொடங்கியது.

வாசலில் நின்றவள் தலையைத் திருப்பினாள். கையைப் பார்த்தாள். மறுபடி கூடத்தைப் பார்த்தாள்.

“ஒரு நிமிஷம் அண்ணி.”

திரை விழுந்தது. கை மட்டும் நீட்டியபடியே இருந்தது. நீல ஒளியில், வெகுநேரம்.

அவள் பாய்ந்து எழுந்தாள். தட்டை வெளியே தள்ளும் பொத்தானைக் குத்தினாள். தட்டு வந்தது, சூடாக. பூட்டிய தட்டை அழிக்க முடியாது, சரி, உடைக்க முடியுமே. முழங்காலில் வைத்து அழுத்தினாள். வளைந்தது, வெளிறியது, பட்டென்று இரண்டாகப் போயிற்று. விரலில் கீறி ரத்தம் வந்தது. துண்டுகளைத் துணிக் கழிவுகளின் அடியில் திணித்துக் கூடையை மூடினாள். அவன் வந்து கேட்டால் தட்டு கீறல் விழுந்துவிட்டது, ஓடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு குத்தோடு இன்னொரு குத்து.

நாற்காலியில் வந்து விழுந்தாள். ரிமோட் பழக்க தோஷத்தில் கைக்கு வந்துவிட்டது. மழை சற்று ஓய்ந்திருந்தது. அவன் வேனைக் கழுவி நிறுத்திவிட்டு வருகிற நேரம்தான்.

பெட்டியின் வாய் தானாக மூடிக்கொண்டது.

உள்ளே தட்டு இல்லை. ஆனாலும் சுழலும் முனகல் கேட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. நிலையாக.

தொலைக்காட்சியில் படம் வந்தது. சாய்ந்த கதவு. பழுப்புத் திரை. திரை ஓரத்தின் இடுக்கில் கூடம் தெரிந்தது. நாற்காலி தெரிந்தது. அதில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முதுகு. அவிழ்ந்த கொண்டை. இன்று கட்டியிருக்கும் சேலை.

பின்னால் கட்டில் முனகியது.

படம் நிமிர்ந்தது. நெடுநாள் எழுந்திருக்காதவர்கள் எழுவதைப் போல, பாதி தூக்கி, தயங்கி, பிறகு மீதி. சாய்ந்திருந்த கதவு நேரானது. தரையில் பாதம் உரசும் ஓசை. ஒரு பாதம். இழுத்து, இன்னொரு பாதம்.

வளையங்கள் கிலுங்கின. தொலைக்காட்சியிலும். முதுகுக்குப் பின்னாலும்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் தன் முகம் அந்தப் படத்தில் தெரியும். கட்டிலிலிருந்து அண்ணி கடைசியாகப் பார்த்த அதே முகம். அதை இன்னொரு தரம் காட்ட அவளால் முடியாது.

முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. கொண்டை. கழுத்து. கழுத்தில் வியர்வை. தைல வாசம் மூக்கை அடைத்தது. படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. நரம்பு புடைத்த கை. நகம் வளர்ந்த கை. வெட்டிவிடுகிறேன், வெட்டிவிடுகிறேன் என்று நாளைக் கடத்திய நகம்.

தோளுக்கு ஒரு விரற்கடை.

கட்டைவிரல் அழுத்தியது.

அவளாக நினைத்து அழுத்தவில்லை. இத்தனை நாள் பழகிய விரல் அது.

படம் நின்றது. கை நின்றது. சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது.

நின்றது படம் மட்டும் இல்லை. ரிமோட்டிலிருந்து விரலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. இமை மூடவில்லை. கீறிய விரலில் திரண்ட ரத்தத்துளி சொட்டாமல் தொங்கியது. வாசலில் திரை உப்பியபடியே நின்றது. வீட்டுக்குள் அசைந்தது அந்த விளக்கு ஒன்றுதான். அணைந்து, எரிந்து. அணைந்து, எரிந்து.

வெளியே மழை சொட்டிக்கொண்டிருந்தது. காலடி வந்தது. பாவி மனுஷன், வந்துவிட்டான்.

அழைப்பு மணி அடித்தது.

‘கதவை உடைச்சுக்கிட்டு வாங்க’ என்று கத்தினாள். தொண்டை அசையவில்லை. ‘எல்லாத்தையும் சொல்லிடறேன், வாசல் வரை போனேன், கையை நீட்டினாங்க, பார்த்துட்டுத்தான் வந்தேன், சொல்லிடறேன், வாங்க.’ ஒரு சொல்லும் பல்லைத் தாண்டவில்லை.

இரண்டாவது மணி.

“ஏய், நனையுறேன்டி. கதவத் தொற.”

மூன்றாவது மணி அடிக்கவில்லை. அதற்குள் பதில் போய்விட்டது. அவள் காதுமடலுக்குப் பின்னால், சூடான மூச்சோடு, கொஞ்சம் எரிச்சலாக. அவளுடைய குரல். அவள் வாயிலிருந்து வராத குரல்.

“வர்றேங்க, விளம்பரம் வரட்டும்.”

வெளியே அவன் சிரித்தான். “உன்னையும் உன் நாடகத்தையும் வெச்சுக்கிட்டு… சரி, பேன் பார்த்துட்டே வா.”

வாசற்படியில் அவன் உட்காரும் ஓசை கேட்டது. செருப்பைக் கழற்றி ஈரத்தை உதறினான். ஏதோ ஒரு பாட்டை மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினான்.

கண் சிமிட்டிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு, சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது.