கன்னத்து நிறம்

நேற்றுக் கலந்து வைத்த நிறம் இன்று அவள் கன்னத்தோடு ஒத்துப்போகவில்லை. ஓவியர் வண்ணத்தட்டைச் சன்னலருகே பிடித்து இரண்டு தரம் பார்த்தார். நிறத்தில் பிழையில்லை. கன்னம்தான் மாறியிருந்தது, பவுடருக்கு அடியில், காதோரமாக, ஊதா படர்ந்திருந்தது.

பிழைக்க வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியும் அந்த ஊரில் அவர் பெயர் தெரிந்தவர்கள் பத்துப் பேர் தேறமாட்டார்கள். தங்கும் அனுமதி முடிந்தே நான்கு வருடம். வீடு வீடாகப் போய் முகம் வரைந்து வயிற்றைக் கழுவியவரை, தன் மனைவியின் படம் வேண்டுமென்று மரவாடி முதலாளி கூப்பிட்டது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. தினமும் பகல் இரண்டு மணிக்கு மாடியறை. கீழே ரம்பம் மரத்தை அறுக்கும் ஓசை ஓயாமல் கேட்கும். ஈர மரத்தூளின் வாசமும் டர்பன்டைன் நெடியும் தொண்டையில் கலந்து கிடக்கும். முதலாளி கதவோரம் உட்கார்ந்து, அவள் கொஞ்சம் அசைந்தாலும் மெல்லக் கனைப்பார்.

மூன்றாம் நாள் அவள் உதடு கிழிந்திருந்தது.

"அதெல்லாம் வேண்டாம். கல்யாணத்தன்னைக்கு இருந்த மாதிரி வரைங்க" என்றார் முதலாளி.

ஓவியர் வரைந்தார். போலீசுக்குப் போனால் முதலில் கேட்பது அவருடைய காகிதங்களைத்தான்.

நான்காம் நாள், முதலாளி கீழே யாரையோ அதட்டப் போன நேரத்தில், அவள் தலையைத் திருப்பாமலே பேசினாள்.

"அண்ணா, போகும்போது தெருக்கதவ இழுத்துச் சாத்தாதீங்க. சாத்தினா பூட்டு தானா விழுந்திரும், சாவி அவருகிட்ட இருக்கு. வேற ஒண்ணும் வேணாம்."

ஓவியர் தலையாட்டினார். ஆனால் இறங்கும்போது முதலாளியின் பார்வை முதுகில் ஊர்ந்தது. கை தன்னாலே கதவை இழுத்தது. பூட்டு விழுந்த சத்தம் வீடுவரை கூடவே வந்தது.

ஐந்தாம் நாள் ரம்பம் ஓடவில்லை.

முதலாளியே கதவைத் திறந்து, அவரை உள்ளே விட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டார். முழங்கைவரை ஈரம், அப்போதுதான் கழுவியிருந்தார். கதவின் உட்புறத்தில் நீள நீளமாக நகக் கீறல்கள்.

மாடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கழுத்தை மூடி, தோள்வரை கறுப்புச் சால்வை. தலை நேராக நின்றது. கனைப்புக்கு வேலையே இல்லை.

ஓவியர் நிறம் கலந்தார். ஊதா இல்லை. சிவப்பு இல்லை. வெள்ளை. இன்னும் வெள்ளை.

பார்த்தார். அவள் பின்னல். நாற்காலி முதுகோடு சேர்த்து. ஆணி. வரிசையாக ஆறு ஆணி.

முதலாளி தன் நாற்காலியை இழுத்து அவளுக்கு அருகில் போட்டார். சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் பொத்தினார்.

"ரெண்டு பேரையும் சேத்து வரைங்க. நிதானமா வரைங்க. உங்களத் தேடி யாரு வரப்போறா?"

தூரிகை வெள்ளையில் தோய்ந்தது. படத்துணியைத் தொட்டது.

முதலாளி அவள் தோளில் தலை சாய்த்துப் புன்னகைத்தார். சால்வையில் ஊறியிருந்தது அவர் கன்னத்தில் சிவப்புக் கோடாக இறங்கி, மோவாயில் திரண்டு சொட்டியது. அவர் துடைக்கவில்லை. படம் வரையும்போது அசையக் கூடாதென்று அவருக்குத் தெரியும்.