புகை தொடாத தாள்

போகியன்று காலை தாமரைச்செல்வி மொட்டைமாடிக் கருவியைத் திறந்தபோது, உள்ளே இருந்த வடிதாள் வெள்ளையாக இருந்தது.

காற்றில் கலந்த தூசையும் புகையையும் ஆராய்வதுதான் அவள் வேலை. கருவி காற்றை உறிஞ்சும். கரி தாளில் படியும். சாதாரண நாளிலேயே தாள் தோசைக்கல்லின் அடிப்பக்கம்போல ஆகிவிடும். இன்றோ விளாங்குடித் தெருவெல்லாம் விடியும் முன்பே பாயும் டயரும் எரிந்து, அந்தப் புகைமேல் மார்கழிப் பனி இறங்கி அமுக்கி, எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டிகூடத் தெரியாமல், தீய்ந்த ரப்பர் நாற்றம் நாக்கின் அடியில் வந்து உட்கார்ந்திருந்தது. தாள் மட்டும் சலவை வேட்டிபோல இருந்தது.

உறிஞ்சும் வாயில் உள்ளங்கையை வைத்தாள். இழுத்தது. பழுது இல்லை.

குனிந்து பார்த்தாள். வாய்க்கு ஒரு சாண் முன்னால் புகை இரண்டாகப் பிரிந்து, பாறையைச் சுற்றி ஓடும் தண்ணீர்போல விலகிப் போய்க்கொண்டிருந்தது.

"ஏத்தா தாமரை! ஒன் மிஷினு எம்புட்டுப் பொகையத் தின்னுச்சு?" கீழே வாசலில் கோலம் போட்டபடி வீட்டுக்காரம்மா மலையம்மாள் கேட்டாள்.

"ஒண்ணுமே திங்கலக்கா."

"அதுவும் ஒன்னையமாதிரித்தேன். போட்ட சோறு போட்டபடி கெடக்கும்."

சிரித்தவளுக்கு இருமல் வந்தது. தாமரை கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். மலையம்மாளின் கால் தெரிந்தது. கோலம் தெரிந்தது. முகம் மட்டும் தெரியவில்லை. தெருப்புகை முழுவதும் அங்கேதான் போய்ச் சுருண்டிருந்தது. இருமல் பாதியில் நின்றது.

"அக்கா?"

குந்திய நிலையிலேயே மலையம்மாள் அசையாமல் இருந்தாள்.

புகை மிஷினைத் தேடவில்லை. மூச்சைத் தேடியது.

தாமரை படியிறங்கி வீட்டுக்குள் ஓடினாள். ஐந்து வயது மகள் ரோகிணிக்கு ஏற்கெனவே இழுப்பு வந்திருந்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும்படி நெஞ்சு குழிந்து குழிந்து எழுந்தது. ஜன்னல்களைச் சாத்தினாள். கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தாள். இன்ஹேலரை வைத்து அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். இழுப்பு தணியவில்லை.

கணவன் அசோக்குமாருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, பாப்பாவுக்கு இழுப்பு. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"திருநகர் தாண்டிட்டேன் புள்ள. ரோடே தெரியல. நான் வாரேன், நீ கதவத் தொறந்திராத." இருமினான். "கார் கண்ணாடிய ஏத்தித்தேன் விட்ருக்கேன், எப்பிடி உள்ள..."

இருமல் பாதியில் நின்றது. இன்ஜின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க? ஏங்க!"

மடியில் ரோகிணியின் இழுப்பு அடங்கியது. அப்பாடா என்று அவள் தலையைத் தடவிய கை அப்படியே நின்றது. நெஞ்சு எழவில்லை. கண்கள் திறந்திருந்தன. அம்மாவைப் பார்த்தன. இமைத்தன.

ஆனால் இழுப்புச் சத்தம் நிற்கவில்லை.

வெளியே கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம். அதே சத்தம். அதே விசில். ஜன்னல் கண்ணாடியில் புகை ஏறியது, இறங்கியது. ஏறியது. இறங்கியது.

"அம்மா," வெளியிலிருந்து ரோகிணியின் குரல் வந்தது. மடியில் இருந்தவளின் உதடு அசையவில்லை. "மூச்சு இங்கதேன் இருக்கு. வா."

குழந்தையின் வாயில் வாய் வைத்து ஊதினாள். காற்று உள்ளே போகவில்லை. சுவரில் ஊதியதுபோல் திரும்பி வந்தது. மறுபடி ஊதினாள். விரல் நகங்கள் நீலமாகிக்கொண்டிருந்தன.

கதவைத் திறக்கக் கூடாது.

திறக்காவிட்டால்?

ரோகிணியைத் தோளில் போட்டாள். துண்டை உதைத்தாள். தாழ்ப்பாளை இழுத்தாள்.

தெரு இல்லை. வானம் இல்லை. வாசல் நிலையோடு ஒட்டி, சாம்பல் நிறத்தில், சுவராகப் புகை நின்றது. உள்ளே ஓர் இழைகூட வரவில்லை. அவளைத் தொடவும் இல்லை.

அதன் நடுவில், அவள் இடுப்புயரத்தில், புகை மெல்லப் பின்வாங்கிக் குழிந்தது. ஒரு தலை. இரண்டு கை. மடக்கிய இரண்டு கால்.

ஐந்து வயதுக் குழந்தை ஒன்று சரியாகப் பொருந்துமளவு.