வரிசையில் கடைசி ஆள்

வரிசையில் கடைசியாகப் படுத்தவனுக்கு முதுகு சூடாக இருக்க நியாயமில்லை. ஆரினுக்கு இருந்தது.

மிச்சிகனின் வட கோடியில், ஜனவரி மாதத்தில், நூற்றறுபது வருடத்துக்கு முந்தைய அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களைப்போல நீலக் கம்பளிச் சீருடை உடுத்திக்கொண்டு ஒரு கித்தான் கூடாரத்தில் நான்கு ஆண்கள் படுத்துக் கிடப்பது புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமா என்று அவர்கள் வீட்டுப் பெண்கள் கேட்காத நாளில்லை. கேட்டு என்ன பயன்? வார நாட்களில் பல் பிடுங்கும் கிளெட்டஸ் இங்கே சார்ஜெண்ட். அந்தக் காலத்தில் இல்லாத ஒரு பித்தானைக் கண்டால்கூட அவருக்கு உடம்பெல்லாம் எரியும்.

படுப்பதும் அந்தக் காலத்து முறைப்படிதான். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து, முன்னவன் முதுகில் பின்னவன் நெஞ்சு ஒட்ட, கரண்டிகளை அடுக்கியதுபோல. விலா மரத்துப்போனவன் "திரும்பு" என்பான். மற்றவர்கள் தூக்கம் கலையாமலே மறுபக்கம் புரள்வார்கள். லைல், அவன் மைத்துனன் நார்ம், கிளெட்டஸ், பிறகு ஆரின். ஆரினுக்குப் பின்னால் கித்தானும் பனியும்தான்.

அந்த இடம் அவனுக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். போன குளிர்காலத்தில், கசக்கினால் சூடாகிற மருந்துக்கடைப் பொட்டலங்களைக் காலுறைக்குள் ஒளித்து வைத்து கிளெட்டஸிடம் பிடிபட்டான். அதிலிருந்து அவன் பெயரே பொட்டலம். டயர் கடைக்கு வருகிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே டயர் மாட்டினான். மனைவி டார்லா பிரிந்து போனபிறகு, சனிக்கிழமை வந்தால் அவனை எதிர்பார்க்கிறவர்கள் உலகத்தில் இந்த மூன்று பேர்தான். அதைத் தெரிந்துதானோ என்னவோ, இன்று இருட்டும்போதே கிளெட்டஸ் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவையும் குளிர் தாங்காம காருக்கு ஓடினேன்னா, சீருடையைக் கழட்டி வச்சிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடுப்பா. திரும்ப வராதே."

ஓடுவதில்லை என்று ஆரின் அப்போதே முடிவு செய்துவிட்டான். குளிரில் விறைத்து விரலே போனாலும் சரி.

இப்போது முதுகில் அந்தச் சூடு. வெளியே அணைந்துகொண்டிருந்த தீயின் சிவப்பு கித்தானில் மங்கலாக அசைந்தது. ஈரக் கம்பளி, பன்றிக் கொழுப்பு, புகை என்று பழகின வாடைகளுக்கு அடியில், வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல ஒரு மண்வாடை மெல்ல எழுந்து அவன் காதோரம் வந்து நின்றது. வெஸ்லியாக இருக்கும் என்று நினைத்தான். வேலை முடித்துவிட்டு ராத்திரி வந்து சேர்ந்துகொள்வதாகச் சொன்னவன். சத்தம் போடாமல் வந்து பின்னால் ஒண்டிக்கொண்டிருக்கிறான், பாவம். அந்த நினைப்பிலேயே ஆரின் கண்ணை மூடினான்.

மூடியபிறகுதான் உறைத்தது. முதுகில் நெஞ்சு ஒட்டியிருக்கிறது. அந்த நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

"சார்ஜெண்ட்," என்றான் மெதுவாக. "வெஸ்லி வந்துட்டானா?"

"அவன் எங்க வந்தான்? நீ விறகு பொறுக்கப் போனப்பவே இந்த வயலோட பண்ணைக்காரர் வந்து சொல்லிட்டுப் போனாரு. பனியில மாட்டிக்கிட்டானாம்." கிளெட்டஸ் கொட்டாவி விட்டார். "ஏன், அதுக்குள்ள பொட்டலம் கேக்குதா?"

நார்ம் தூக்கத்திலேயே சிரித்தான்.

கார் இருநூறு அடி தூரம். எழுந்தால் போதும். கம்பளியை உதறி, கித்தானை விலக்கி, ஓடினால் போதும். காலையில் மூன்று பேரும் காலி இடத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். அடுத்த சனிக்கிழமை வரும். அதற்கடுத்ததும் வரும். அவன் கடையை மூடிவிட்டு எங்கே போவான்?

ஆரின் அசையவில்லை.

அவன் இடுப்பின்மேல் ஒரு கை வந்து விழுந்தது. தூங்குகிறவன் கை போடுவதுபோல, உரிமையாக. சட்டைக் கையின் கம்பளி விறைத்து, பலகைபோல இருந்தது.

"திரும்பு."

குரல் கூடாரத்துக்கு வெளியிலிருந்து வந்தது. எங்கோ மரங்கள் பக்கமிருந்து.

லைல் புரண்டான். நார்ம் புரண்டான். கிளெட்டஸ் புரண்டு, முழங்காலால் ஆரினின் தொடையில் இடித்தார்.

"திரும்புடா. எல்லாரும் உனக்காக விறைக்கணுமா?"

ஆரின் கண்ணை இறுக மூடிக்கொண்டு திரும்பினான். மூக்கில் சொரசொரவென்று கம்பளி பட்டது. முதுகு. அப்பாடா, முதுகுதான். அதுவும் திரும்பியிருக்கிறது. அவன் நெஞ்சு அந்த முதுகில் ஒட்டிக்கொண்டது. முறைப்படி.

கண்ணைத் திறந்தான்.

கித்தானின் அடிப்பக்கம் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருந்தது. அந்த முதுகுக்கு அப்பால் இன்னொரு முதுகு. அதற்கப்பால் இன்னொன்று. நீலக் கம்பளிகள், ஒன்றோடொன்று ஒட்டி, கித்தானைத் தாண்டி, தீயைத் தாண்டி, வயலுக்குள். நிலா வெளிச்சத்தில் பனி மூடிய தோள்கள். தோள்கள். தோள்கள். மரங்கள்வரை.

எந்தத் தோளும் மூச்சுக்கு எழும்பவில்லை.

கத்த வாய் திறந்தான். குளிர்தான் உள்ளே போனது.

"திரும்பு."

இந்த முறை இன்னும் தூரத்திலிருந்து.

அவனுக்குப் பின்னால் கிளெட்டஸ் புரண்டார். நார்ம். லைல். மூன்று பேரும் அவனுக்கு முதுகைக் காட்டித் தூங்கினார்கள். ஆரினும் திரும்ப வேண்டும். திரும்பிவிட்டால் எதையும் பார்க்க வேண்டாம். உடம்பு அசையவில்லை.

மரங்களின் ஓரத்தில் முதல் தோள் அசைந்தது. பனி உதிர்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. வயல் முழுக்க ஒவ்வொருவராக, அவசரமில்லாமல், அவன் பக்கம் முகம் திருப்பிக்கொண்டே வந்தார்கள். அந்த அசைவு தீயருகே வந்தது. கித்தானுக்குள் வந்தது.

அவன் மூக்குக்கு முன்னால் இருந்த கம்பளி மெல்ல நகர்ந்தது. காது தெரிந்தது. பிறகு தாடை.