பத்தொன்பது முடியும் வரை

காலையில் பஸ் ஏறிக் கோயமுத்தூர்க் கல்லூரிக்குப் போன அரங்கசாமியின் குரல், பகல் பதினொரு மணிக்கு அவனுடைய அறைக்குள் கேட்டது.

நாச்சியம்மாள் பருப்பு கடைவதை நிறுத்தினாள். தென்னை ஓலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் இரையும் சத்தம், களத்தில் காயும் கொப்பரையின் எண்ணெய் வாடை. இவற்றுக்கெல்லாம் அடியில், பக்கத்தில் இருப்பவனிடம் பேசுவதைப் போல மகனின் தணிந்த குரல். போய்ப் பார்த்தாள். கட்டில், புத்தகங்கள், கொடியில் வேட்டி. ஆள் இல்லை.

அவள் பேய்க்குப் பயப்படவில்லை. மகனுக்குப் பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது.

அவள் பிறந்த வீட்டில் ஆண்பிள்ளைகளின் வயதை எண்ணுவார்கள். சித்தப்பாவுக்கு இருபதில் புத்தி பேதலித்தது. தம்பி குமாரசாமிக்குப் பத்தொன்பதில். சுவரோடு பேசினான், சோற்றில் விஷம் என்றான், கடைசியில் மாட்டுக்கொட்டகைத் தூணில் அவனைச் சங்கிலியால் கட்டினார்கள். அதிலிருந்து, இருபத்திரண்டு முடியாத பையனுக்கு அந்த வீட்டில் பெண் கேட்கப் போவதில்லை. பெண்களின் வயதை யாரும் எண்ணியதில்லை. தனக்கு நாற்பத்து மூன்றா, நாலா என்று நாச்சியம்மாளுக்கே தெரியாது.

தம்பியைச் சென்னைக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் என்னென்னவோ கேட்டார். வம்சத்தில் யாருக்கு இருந்தது, பிரசவம் கஷ்டமாக இருந்ததா, பையனுக்குக் கஞ்சாப் பழக்கம் உண்டா. எந்த வயதில் தொடங்கும் என்பது இப்படிப் பலதையும் பொறுத்தது என்றார். பெரும்பாலும் ஆண்களுக்குச் சீக்கிரம் வரும். பெண்களுக்குத் தள்ளி வரும், சிலருக்கு நாற்பதுக்கு மேலும் வரும். நாச்சியம்மாள் முதல் பாதியை மட்டும் மனதில் முடிந்துகொண்டு ஊர் திரும்பியிருந்தாள்.

கணவர் லட்சுமணசாமி அவள் பயத்தைக் கேட்டுச் சிரித்தார். "தேதி வெச்சு வாரதுக்கு அது என்ன மாரியம்மன் நோம்பியா, அம்மணி?" என்றுவிட்டுப் பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனார்.

ஒரு வாரமாக அவள் கண் மூடவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலை சாப்பிடும்போது அவன் தட்டிலிருந்து தலை நிமிர்த்தினான்.

"அம்மா, தூங்குனீங்களா? அடுப்படில யாருகூடப் பேசிட்டு இருந்தீங்க?"

தந்திரம். குமாரசாமியும் இப்படித்தான் பேச்சைத் திருப்புவான்.

மோட்டார் நின்றது. குரல் மறுபடி வந்தது, இப்போது தெளிவாக.

"நானுங்கம்மா. கொல்லை வழியா வந்துட்டேனுங்க. யாருக்கும் சொல்லிப்போடாதீங்க. கட்டிப்போடுவாங்க."

வந்தேவிட்டது. ஆனால் இவனை எந்தத் தூணும் தொடாது. முன்கதவைத் தாழிட்டாள். கொல்லைக் கதவையும். ஜன்னலோரம் உட்கார்ந்து காவல் காத்தாள். வெயில் சாய்ந்தது. பருப்பு அடுப்பில் தீய்ந்து, கரிந்த வாடை கூடத்தில் நின்றது. எழுந்து போய் அணைக்கத் தோன்றவில்லை.

நாலரை மணி பஸ்ஸின் ஹார்ன். செருப்புச் சத்தம். கதவு தட்டல்.

"அம்மா, கதவத் தொறங்க. ஏதோ கருகுது."

அதே குரல். வெளியே.

அவள் அசையவில்லை. உள்ளறையிலிருந்து மெல்ல வந்தது:

"அது நானில்லீங்க."

தட்டல் வலுத்தது. நாச்சியம்மாள் சோற்றுத் தட்டோடு மகனின் அறைக்குள் போனாள். கட்டிலில் உட்கார்ந்தாள். பிசைந்தாள். உருட்டினாள்.

"சாப்பிடு கண்ணு. நான் இருக்கறேன்."

நீட்டிய விரல்களில் ஒரு வாய் பட்டது. சில்லென்று. ஈரமாக.

உருண்டைக்கு மேல் உருண்டையாக ஊட்டினாள். தலையணை மேல், மடியில், தரையில் சோறு விழுந்தது. அவள் பார்க்கவில்லை. தட்டல் ஓய்ந்தது. வீட்டைச் சுற்றிக் காலடிகள் ஓடின. அறை ஜன்னலை ஒரு நிழல் மறைத்தது.

நிமிர்ந்தாள்.

கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, தன் மகனின் முகத்தை மாட்டிக்கொண்டிருந்த எவனோ ஒருவன், அவளைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான்.