நாற்பது கிலோ புழு

காலை 6.10. புழுக்கூடத்து வாசலில் நின்றவர்கள்: பொறுப்பாளர் சுமியாத்தி, வட்ட அலுவலக எழுத்தர் தர்சோனோ, பக்கத்து வீட்டு வாத்துக்காரி மூர்சினா. நான்காவதாக வந்து சேர்ந்தவள் போலீஸ்காரி வெனிங்.

கதவு பூட்டியபடியே இருந்தது. சுமியாத்திதான் திறந்தாள். உள்ளே எட்டுத் தொட்டிகள். எட்டிலும் ஈரச் சக்கை மட்டும். நேற்று மாலை நாலு மணிக்கு அவள் பூட்டிக்கொண்டு போனபோது நாற்பது கிலோ புழு இருந்தது.

மலாங் நகராட்சி கட்டிக்கொடுத்த கூடம் அது. முந்நூறு வீட்டுச் சமையல் கழிவு ஆற்றுக்குப் போகாமல் இங்கே வந்து புழுவுக்குத் தீனியானது. ஒருமுறை வெனிங் ஒரு முழுப் பலாப்பழத்தைப் பிளந்து போட்டுப் பார்த்தாள். மறுநாள் கொட்டைகள் மட்டும் கழுவி வைத்ததுபோல் கிடந்தன. பசி என்றால் என்னவென்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்பது மணிக்கு நகராட்சிக் குழு பார்வையிட வருகிறது. புழு இல்லையென்றால் கூடத்தை மூடிவிடுவார்கள். சாவி ஒன்றே ஒன்று, அதுவும் சுமியாத்தியின் இடுப்பில். மீன்குளத்துக்காரர்கள் மீன்தீனிக்காகப் புழுவுக்கு அலைவது ஊரறிந்த விஷயம்.

தர்சோனோ சுற்றி வளைக்கவில்லை. "சாவி யார்கிட்ட இருக்கோ அவங்களைக் கேளுங்க. நான் வேற என்னத்தச் சொல்ல?"

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க ஐயா," என்றாள் சுமியாத்தி. "ஆறு வருஷமா இதுங்களுக்குச் சோறு போடுறேன். என் புருஷனுக்குக்கூட இவ்வளவு போட்டதில்ல."

யாரும் சிரிக்கவில்லை.

6.25. வெனிங் தொட்டியின் உட்சுவரைத் தடவினாள். விரல் நனைந்தது. மூன்று வாரமாக மழை இல்லை. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, கம்பி மட்டுந்தான். கம்பிக்கு வெளியே சுவரில் தண்ணீர் வழிந்த தடம். வழக்கமான நாற்றம் துளியும் இல்லை.

நேற்று மாலை யார் எங்கே இருந்தார்கள் என்று கேட்டாள். தர்சோனோ ஆறு மணிவரை கூடத்தை அடுத்த வட்ட அலுவலகத்தில் தனியாகத் தோரணம் கட்டினாராம். மூர்சினாவுக்கு வேறு கவலை.

"என் வாத்துங்களுக்கு என்னமோ ஆயிருச்சு அம்மா. விடிஞ்சதும் தொறந்துவிட்டேன். தவிடு வெச்சா மோந்துகூடப் பாக்கல. இலைக் கொட்டகை வாசல்ல மப்புல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கு."

இந்த நேரத்தில் வாத்து ஒரு பேச்சா என்று தர்சோனோ அலுத்துக்கொண்டார். வெனிங் போய்ப் பார்த்தாள். பன்னிரண்டு வாத்துகள். எல்லாவற்றுக்கும் கழுத்தடி புடைத்திருந்தது.

6.40. கூடத்திலிருந்து, சருகு கொட்டிவைக்கும் அந்தக் கொட்டகை பத்தடி தூரம். கதவைத் திறந்ததும் மழை பெய்யும் சத்தம். வானம் வெளுத்துக் கிடந்தது. சத்தம், இடுப்புயரம் குவிந்திருந்த காய்ந்த இலைக்குள்ளிருந்து வந்தது.

வெனிங் ஒரு கை இலையை விலக்கினாள். தரை நகர்ந்தது. பழுப்பும் கறுப்புமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, லட்சக்கணக்கில். காலே இல்லாத கூட்டம் ஒரே ராத்திரியில் சுவரேறி, கதவிடுக்கில் நுழைந்து, வெறுந்தரையைக் கடந்து, யாரும் வழிகாட்டாமல் இருட்டும் உலர்வுமான ஓரிடத்தைக் கண்டுபிடித்திருந்தது. பின்தங்கியவைதான் வாத்துகளுக்கு இரையாகியிருந்தன. சுமியாத்தி முழந்தாளிட்டுவிட்டாள்.

"யாரும் திருடல," என்றாள் வெனிங். "தானா ஊர்ந்தே வந்திருக்கு. தொட்டிச் சுவர் காஞ்சிருந்தா இதுங்களால ஏற முடியுமா அம்மா?"

"வழுக்கி விழுந்துரும். ஈரம்னா ஏறிரும். அதனாலதான் சுவர்ல ஒரு சொட்டுத் தண்ணி படவிட மாட்டேன்."

"நேத்து யாரோ ஜன்னல் வழியா நல்லா தண்ணியப் பீச்சியிருக்காங்க. நாத்தம் போகணும்னு. இந்தப் பக்கம் குழாய் ஒன்னுதான், அதுவும் அலுவலகத்துக்குள்ள. அந்தச் சாவி யார்கிட்ட இருக்கு ஐயா?"

குழுக்காரர்கள் மூக்கைப் பொத்தக் கூடாதென்றுதான், இப்படி ஆகுமென்று தெரியாது என்றார் தர்சோனோ.

"தண்ணியப் பீச்சினது தெரியாத்தனம். அதை மறைச்சுட்டு இவங்க சாவியக் காட்டுனீங்களே, அது தெரியாத்தனம் இல்ல."

7.00. இரண்டு மணி நேரம் மீதி. வாத்துகள் எழுந்து மெல்ல உள்ளே எட்டிப் பார்த்தன. சுமியாத்தி ஒரு கூடையையும் சல்லடையையும் தர்சோனோவின் கையில் திணித்தாள். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இலைக்குள் இறங்கினார்.

"ஒன்னுகூட நசுங்கக் கூடாது," என்றாள். "முடிச்சதும் தட்டுங்க."

வெளியே வந்து கொட்டகைக் கதவைச் சாத்தினாள். வாத்து நுழையாதபடி கீழிடுக்கில் சாக்கை அடைத்து, புழுக்கூடத்துப் பூட்டாலேயே பூட்டினாள்.